கரவோக்கே அறையில் மைக் கைக்கு வந்தபோது: பாடிப் பிழைத்த கதைகள்

நிஷிகசாயிலிருந்து:

ஜப்பானுக்கு வந்து எட்டாவது மாசம், டிசம்பர். ஆபீஸ் போனென்காய் (வருஷக் கடைசி விருந்து) முடிந்து, நிஜிகாய்க்கு (விருந்துக்குப் பிறகு போகும் ரெண்டாவது சுற்று) கரவோக்கே. பாட்டுத் தேடும் டேப்லெட் மேசையைச் சுற்றி வந்து என் மடியில் விழுந்தது. குளிக்கும்போது தினமும் பாடுகிற பாட்டுதானே என்று ஹிகேதான் குழுவின் 'பிரிட்டெண்டர்' போட்டேன். 2019-இல் தெருவெல்லாம் ஒலித்த பாட்டு, காதுக்கு மனப்பாடம். முதல் சரணம் ஜோராகப் போனது. ஸபி வந்ததும் (பல்லவியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) தொண்டை கட்டிய சேவல் மாதிரி ஒரு சத்தம். அது நான்தான். பக்கத்தில் இருந்த புச்சோ (எங்கள் பிரிவுத் தலைவர்) முகம் மாறாமல் டேப்லெட்டை எடுத்து, ஸ்ருதி மாற்றும் கீ பட்டனை நாலு தடவை கீழே அமுக்கினார். ஓர் அமுக்குக்கு அரைக்கட்டை, மொத்தம் ரெண்டு கட்டை இறங்கியது. உயிர் வந்தது. ஆனால் இப்போது சரணம் பாதாளத்தில்! எனக்கு அவ்வளவு அடிக்குரல் கிடையாது.

அன்றைக்குப் புரிந்த விஷயம் ஒன்று. ஒரு பாட்டின் தாழ்ந்த சுரத்துக்கும் உச்ச சுரத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தூரம் அதிகமாக இருந்தால் கீ பட்டனாலும் காப்பாற்ற முடியாது. உங்களுக்கு எந்தப் பாட்டு கைகொடுத்தது?

ஒகாயாமா, ஆராய்ச்சி மாணவி:

அண்ணா, எனக்குக் குரல் பிரச்சினை இல்லை. ஆறு வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றவள். என் பிரச்சினை தாளம்! ஸ்ருதி சுத்தமாக இருக்கும், ஆனால் வரி முடிவதற்குள் இசையை முந்திக்கொண்டு போய் நிற்பேன். ஏன் என்று ஒரு மாசம் புரியவில்லை.

திரையில் எழுத்துகளின் மேல் நிறம் ஏறிக்கொண்டே வரும் இல்லையா, அதை உற்றுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நமக்குப் பள்ளிக்கூடத்தில் குறில் ஒரு மாத்திரை, நெடில் ரெண்டு, ஒற்று அரை. ஜப்பானிய மொழியிலும் குறிலும் நெடிலும் அப்படியேதான். ஆனால் ஒற்றுக்கு அங்கே முழு மாத்திரை! 'கொன்னிசிவா' நம் வாயில் 'கொன்' என்று ஒரே உதறலாக வரும். அவர்களுக்கு அது கொ‑ன்‑னி‑சி‑வ, ஐந்து தட்டு. அந்த 'ன்' மேல் நிறம் ஏறி முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டும். நான் பாதியில் தாவிக்கொண்டிருந்தேன்.

அதனால் நான் கண்டுபிடித்த வழி: ஒற்று குறைவாக இருக்கிற பாட்டில் தொடங்குவது. சகாமோட்டோ க்யூ 1961-இல் பாடிய 'உஎ ஒ முஇதெ அருகோ' தலைப்பையே எண்ணிப் பாருங்கள். எட்டுக் குறில், கடைசியில் ஒரு நெடில், ஒரு ஒற்றுகூட இல்லை. மெட்டும் பெரும்பாலும் நாலாவது, ஏழாவது சுரங்களை விட்டுவிட்டு நடக்கும். இங்கே அதற்கு யோனாநுகி என்று பெயர், நமக்கு அது மோகனம். முதல் தடவையே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

இன்னொன்று: கரவோக்கே பாக்ஸ் என்கிற தனியறை ஏற்பாடே 1985-இல் இந்த ஒகாயாமாவில்தான் தொடங்கியது, பழைய சரக்குக் கண்டெய்னர் ஒன்றை அறையாக்கி. அந்த ஊரில் இருந்துகொண்டு தாளம் தப்பினால் வெட்கமா இல்லையா!

சைதாமா, முதியோர் இல்லத்தில் கைகோ (பராமரிப்பு) வேலை:

தங்கச்சி சொன்ன அதே பாட்டுதான்மா எனக்கும் சோறு போடுகிறது. வாரம் ஒரு நாள் மதியம் இங்கே பாட்டு நேரம். உலகம் இதை 'சுகியாகி' என்று சொல்லும். அது மாட்டுக்கறிச் சமையல் ஒன்றின் பெயர், பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தப் பெயரிலேயே 1963-இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பாட்டு நடுவில் விசில் வரும். எனக்கு விசில் வராது. முதல் வாரம் அந்த இடம் வந்ததும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சக்கர நாற்காலியில் எப்போதும் கண்ணை மூடியே இருக்கும் தாத்தா ஒருவர், கண்ணைத் திறக்காமலே விசிலடித்தார். முழுசாக. முடித்துவிட்டுப் பழையபடி உட்கார்ந்துகொண்டார். இப்போது அந்த இடம் வந்தால் மைக்கை அவர் வாய்ப் பக்கம் கொண்டுபோவேன், அவ்வளவுதான் என் வேலை. கஷ்டமான இடத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிற பாட்டாக எடுங்கள் தம்பி.

நகோயா:

மெதுவான பாட்டு சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'ஹனாமிசுகி' எடுத்து மூச்சு வாங்கியவன் சொல்கிறேன். ஒவ்வொரு நீட்டலிலும் உங்கள் குரல் தனியாக நிற்கும், ஒளிய இடமே இருக்காது. ஸ்பிட்ஸ் குழுவில் 'செர்ரி' போடலாம், 'ரொபின்சன்' பக்கம் போகாதீர்கள், கூரையில் தலை இடிக்கும். வெட்கம் விட்டவர் என்றால் ப்ளூ ஹார்ட்ஸ் குழுவின் 'லிண்டா லிண்டா'. தலைப்பைக் கத்தினாலே பாதிப் பாட்டு முடிந்துவிடும்.

ஒகாயாமா மாணவி:

கத்துவதைப் பாட்டு என்று சேர்க்க முடியாது அண்ணா, மன்னிக்கவும் :)

நிஷிகசாயிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. போன வெள்ளிக்கிழமை மறுபடி நிஜிகாய். அதற்கு முன் ரெண்டு ஞாயிறு தனியாகப் போய் (இங்கே அதை ஹிதோகரா என்பார்கள்) பாடிப் பார்த்தேன். முதலில் ஸபியை மட்டும் பாடி, அது எட்டினால்தான் மற்றதைப் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஸ்மாப் குழுவின் 'சேகாய் நி ஹிதோத்சு தகே நோ ஹனா' எட்டியது. ஆனால் சைதாமா அக்கா சொன்னதை நினைத்து, ஒகினாவாக்காரர்கள் மொங்கோல்800 குழுவின் 'சீசானா கொய் நோ உதா' எடுத்தேன். 2001 பாட்டு. சரணத்தில் வார்த்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும், அங்கே நாலைந்து இடம் முழுங்கினேன், மறைக்கவில்லை. ஸபி வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் அறையே பாடியது. இன்டர்ன் பையன் டம்பூரினை எடுத்துக்கொண்டு சோபா மேல் ஏறிவிட்டான்.

புச்சோ டேப்லெட்டைத் தொடவே இல்லை. அடுத்து அவரே 'பிரிட்டெண்டர்' போட்டார், மூலக் கீயில். ஸபி வந்தது. அதே சேவல். நான் எழுந்து பட்டனை அமுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது சுவரில் போன் அடித்தது, இன்னும் பத்து நிமிஷம்தான் என்று.