கிரகப்பிரவேசத்துக்கு மொய் வைத்த சித்தாள்
(புனைபெயர்களில் நான்கு பேர் பேசிக்கொண்டது)

புதுவீட்டுக்காரன்:
குடிவந்து நான்கு மாதம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. கிரகப்பிரவேசத்தன்று மேஸ்திரிக்கு வேட்டி, துண்டு, தட்டில் பணம். கொத்தனார், ஆசாரி, கம்பி கட்டியவர், பெயின்டர் எல்லோருக்கும் வேட்டி துண்டு. பட்டியல் கொடுத்தது மேஸ்திரிதான். அதில் சித்தாள் ஒருவர்கூட இல்லை, நானும் கேட்கவில்லை. பந்தி நடக்கும்போது பார்த்தால் அந்த அக்கா வாசலில் நிற்கிறார், தலை நிறையப் பூ, கூட மகள். அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை கல்லும் கலவையும் சுமந்தவர். வெளிக்குழாயில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வரத் தயங்கினார். "ஈரக்காலு சார், டைல்ஸ்ல தடம் விழுந்துடும்." அந்த டைல்ஸ் பெட்டிகளை மேலே ஏற்றியதே அவர்தான்! சாப்பிட்டுவிட்டுப் போகும்போது மடித்த நூறு ரூபாய் நோட்டோடு ஒரு ரூபாய்க் காசைச் சேர்த்து மொய் வைத்தார். திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒரு ரவிக்கைத் துணிகூட இல்லை.

மாடிப்படி:
பட்டியலை மேஸ்திரியிடம் விட்டால் இப்படித்தான். எங்களுக்குத் தளம் போட்ட அன்று சொதப்பல். பன்னிரண்டரைக்கே பிரியாணி வந்துவிட்டது. கான்கிரீட் மிக்சர் ஓடுகிறது, கலவைச் சட்டி கைமாறிக்கொண்டே இருக்கிறது, யாரும் இறங்கவில்லை. நான் கீழே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "இப்ப பாதில நிறுத்துனா போட்ட கலவை இறுகி, நடுவுல ஒட்டு விழும். அப்புறம் ஒழுகுறது உங்க வீடுதான் சார்" என்றார் ஒருவர். சாப்பிடும்போது நாலு மணி, பிரியாணி ஆறிப்போயிருந்தது.

இனிமேல் கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் வயிறு நிறைய இட்லி, பதினொரு மணிக்கு மோர், நடுவில் வாழைப்பழம், நின்றபடியே குடிக்க டீ. பிரியாணியைத் தளம் முடிகிற நேரத்துக்குச் சொல்லுங்கள். ஆள் கணக்குக்கு மேல் பத்துப் பொட்டலம் வாங்குங்கள். பெண்கள் பாதியைத் தொடாமல் பிள்ளைகளுக்கு எடுத்துப்போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை:
வேட்டி, பிரியாணி, மோர். நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லையே? எங்கள் வீட்டு வேலையில் நான் பணத்தை மொத்தமாக ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டேன். ஒருநாள் பூசு வேலைக்கு வந்தவரின் மனைவி கைக்குழந்தையோடு கேட்டில் வந்து நின்றார். இரண்டு வாரப் பாக்கியாம். அவ்வளவுதான் என் கதை.

அதைவிட முக்கியம் நலவாரிய அட்டை. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தமிழ்நாட்டில் 1994 முதல் இருக்கிறது. பிளான் அப்ரூவலின்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதம் கட்டினீர்களே, அந்தப் பணம் அங்கேதான் போகிறது. 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, திருமணம், பிரசவத்துக்கு உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பணம், 60க்குப் பிறகு ஓய்வூதியம். சித்தாளும் பதியலாம், கொத்தனார் மட்டும் என்று நினைக்காதீர்கள். அட்டை எடுத்தவர்களிலும் நிறைய பேர் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஒருநாள் கூட்டிப்போய்ப் பதிந்து கொடுங்கள், வேட்டியைவிட உபயோகம்.

கொத்தனார் மகன்:
சனிக்கிழமை, கூலியை ஒழுங்காகக் கொடுத்த வீடுகளிலும் எங்கப்பா பின்வாசலில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். அதையும் எழுதுங்கள்.

ஒரே ஒரு வீட்டுக்காரர் அப்பாவை முதல் பந்தியில் தன் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் எதிர் இலையில். அப்பா சாப்பிடவே இல்லை, அண்ணாந்து சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் கொக்கியிலிருந்து முடி கனத்துக்கு ஒரு விரிசல். விருந்தாளி யாருக்கும் அது தெரிந்திருக்காது. அடுத்த ஞாயிறு கரண்டியும், பூச்சைத் தேய்க்கும் மணியாஸ் கட்டையுமாகப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். கூலி வாங்கவில்லை. அம்மா இரண்டு நாள் திட்டினாள்.

மாடிப்படி:
நலவாரியம் எல்லாம் சரி சனிக்கிழமை, அந்த இரண்டு வாரப் பாக்கி என்ன ஆச்சு?

புதுவீட்டுக்காரன்:
போன ஞாயிறு சேலை, மகளுக்குப் பாவாடை சட்டை வாங்கிக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். அந்த அக்கா இப்போது வேறு மேஸ்திரியிடம் வேலைக்குப் போகிறாராம், எங்கே என்று தெரியவில்லை. பெயரைக் கேட்டேன். "நாங்க பாப்பா அம்மான்னுதான் கூப்பிடுவோம்" என்றார். வீட்டுக்கு வந்து மொய் நோட்டைப் புரட்டினேன். மைத்துனர் எழுதியிருக்கிறார்: சித்தாள், 101.