மொட்டைமாடிக்குக் கீழே உள்ள வகுப்பறையில் பிற்பகல் புழுக்கம்: ஏசி கேட்பதா, வேறு வழி உண்டா?

தண்டையார்பேட்டை மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பு மூன்றாம் மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது; அறுபது பேருக்கு நான்கு மின்விசிறிகள். மதிய உணவுக்குப் பின் எழுதும்போது மணிக்கட்டு தாளோடு ஒட்டி மை இழுபடுகிறது. சுவரிலுள்ள வெப்பமானி 33 டிகிரி காட்டுகிறது. தரைத்தள நூலகத்திலும் அதே 33 டிகிரிதான், ஆனால் அங்கே இந்த அவதி இல்லை. இது மனப்பிரமை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஏசி கேட்டு மனுக் கொடுக்கலாமா?

பெரம்பூர் கட்டடப் பொறியாளர்:
மனப்பிரமை இல்லை, தம்பி. வெப்பமானி காற்றின் சூட்டை மட்டுமே சொல்லும். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் 1970இல் வகுத்த முறைப்படி, உடல் உணரும் வெப்பத்தைக் கணக்கிட அதோடு ஈரப்பதம், காற்றோட்டம், உடை, உடலுழைப்பு, சுற்றியுள்ள பரப்புகளின் கதிர்வீச்சு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் அறையில் இந்தக் கடைசிக் காரணிதான் வேலையைக் காட்டுகிறது: காலையிலிருந்து வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் பிற்பகல் முழுவதும் தலைமேல் அனலை இறக்குகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேசைமேல் ஏறி, தளத்தின் அடிப்பக்கத்துக்கு அருகே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். போதாக்குறைக்கு, உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். அறுபது பேரென்றால் 6 கிலோவாட்.

இராயபுரம், ஓய்வுபெற்ற பேராசிரியை:
கிழக்கே சன்னல்கள் உண்டா? கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் நுழையும். ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதிக்கும் ஹாரனுக்கும் பயந்து அந்த நேரத்தில்தான் நாம் சன்னலைச் சாத்துகிறோம். குரல் கேட்கவில்லை என்று விசிறியைக் குறைக்கச் சொன்ன ஆசிரியர்களில் நானும் ஒருத்தி, ஒப்புக்கொள்கிறேன். கத்திரி வெயிலில் மேற்குக் காற்று ஓங்கிக் கடற்காற்று தாமதமாகும் நாட்களில் சன்னலால் பயனில்லை. அப்போது பிற்பகல் வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரக் கேளுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

பெரம்பூர் கட்டடப் பொறியாளர்:
அம்மா சொல்வது சரி. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பே, ஏசி இல்லாத கட்டடங்களில் வெளிவெப்பம் ஏற ஏற மனிதருக்கு இதமான வெப்பநிலையும் ஓரளவு ஏறும் என்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே 24 டிகிரிக்காக அடம்பிடிக்காமல் முதலில் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு அல்லது வெள்ளை ஓடு கேளுங்கள். தளத்தை அப்படியே விட்டு ஏசி மாட்டினால் மின்கட்டணம்தான் ஏறும். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றையும் உள்ளே கொண்டுவராது, அறுபது பேர் விட்ட மூச்சையே சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டியிருக்கும்.

தண்டையார்பேட்டை மாணவன்:
நன்றி ஐயா, நன்றி அம்மா. கையைக் காட்டிப் பார்த்தேன். தோசைக்கல்லுக்கு மேலே காட்டியது போலிருந்தது. சுண்ணாம்பை எப்போது அடிக்கச் சொல்வது?

பெரம்பூர் கட்டடப் பொறியாளர்:
ஐப்பசி மழைக்கு முன் அடித்தால் கரைந்து போகும். தை பிறந்ததும் அடிக்கச் சொல்லுங்கள். மனுவை இப்போதே கொடுத்துவிடுங்கள்.