மகளுக்கு 'வள்ளி' என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி:
யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் பிறந்த எங்கள் மகளுக்கு 'வள்ளி' என்று பெயர் வைக்க அப்பாச்சி விரும்புகிறார். மனைவியோ அது பழங்காலப் பெயர் என்று தயங்குகிறார். இப்பெயரின் வேர் எது?

மறுமொழி 1:
வள்ளி என்பது கொடியையும் அதன் கிழங்கையும் குறிக்கும் சொல். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்த்ததால் அப்பெயர் வந்ததென்று கந்தபுராணம் கூறுகிறது. அதற்கு மிக முந்திய நற்றிணையின் 82ஆம் பாட்டிலேயே 'முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல' என்ற உவமை உண்டு. எங்கள் அடுப்படியிலும் அச்சொல் வாழ்கிறது: தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சிய இராசவள்ளிக்கிழங்கின் ஊதா நிறம் அகப்பையை விட்டு இலேசில் போகாது.

மறுமொழி 2:
கோயிலில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்பவர்கள் முடிவில் வந்து சேர்வது வள்ளியம்மை திருமணப் படலத்துக்குத்தான். தெய்வயானை இந்திரன் மகளாக இருக்க, தினைப்புனத்தில் கவண் எறிந்து குருவி விரட்டிய பெண்ணையே சனங்கள் தம்மவளாக உணர்ந்தார்கள் என்பது என் எண்ணம். வள்ளிநாயகி, வள்ளியம்மை என்று நீட்ட வேண்டாம், தம்பி, மூன்றெழுத்தே அழகு.

கேட்டவர்:
நன்றி, அக்கா. மனைவி இப்போது அரை மனதாக இணங்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் 'கிழங்கு' என்று பட்டம் வைப்பார்களோ என்பதே அவருடைய புதிய கவலை.