பக்கவாதத்துக்குப் பிறகு கை வர ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

தாமிரபரணி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. நடக்கிறார், ஆனால் வலது கையால் டம்ளரைப் பிடித்தால் விட முடிவதில்லை, விரலை ஒவ்வொன்றாக நாங்கள்தான் பிரித்துவிட வேண்டும். ஸ்டெம் செல் ஊசி போட்டால் கை வந்துவிடும் என்று ஒரு இடத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். போடலாமா?

பிசியோ_கோவை: தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். இந்தியாவிலேயே 5 மையங்களில் 120 பேரை வைத்து, அவரவர் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை (மற்ற செல்களாக மாறக்கூடிய மூல செல்களை) ரத்தக்குழாய் வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது: ஆபத்தில்லை, ஆனால் பலனும் இல்லை. ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி பக்கவாதத்துக்கு இதை ஆய்வாக மட்டுமே செய்யலாம், ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

மணிக்கட்டும் விரல்களும் தானாகக் கொஞ்சமாவது நிமிர்கிறதா? நிமிர்ந்தால், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு பலவீனமான கையாலேயே எல்லாம் செய்ய வைக்கும் பயிற்சி இருக்கிறது. அமெரிக்காவில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரப் பயிற்சிதான், ஒரு வருஷம் கழித்தும் முன்னேற்றம் நின்றது. நடக்கும்போது மட்டும் உறையைக் கழற்றிவிடுங்கள், தடுமாறினால் பிடித்துக்கொள்ள நல்ல கை வேண்டும்.

மீனா_மதுரை: அம்மாவுக்கு விரல் இறுகிக் கிடந்தபோது ஆளாளுக்குப் பந்தைப் பிசையச் சொன்னார்கள். தெரபிஸ்ட் வேண்டாம் என்றார், மூடுவது பிரச்சினையில்லை, திறப்பதுதானே! போடாக்ஸ் ஊசியில் இறுக்கம் தளர்ந்திருந்த சில மாதமும் கொண்டைக்கடலையை எடுத்துத் தட்டில் விடுவதையே விடாமல் செய்யவைத்தோம், அப்புறம்தான் விரல் பிரிந்தது.

தாமிரபரணி: மணிக்கட்டு நிமிர்கிறது அக்கா, கட்டைவிரலும் கொஞ்சம். சரி, ஊசி வேண்டாம். வேலூர் சிஎம்சி மறுவாழ்வு மையத்தில் நாளைக்கே நேரம் கேட்கிறேன்.