ஸ்கேனில் தெரியாத வயிற்று வலியும் மூளையின் பங்கும்: அனுபவப் பகிர்வு

காலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அடிவயிற்றை முறுக்கத் தொடங்கும் வலி, மலம் கழித்தால் சற்றுத் தணிந்து, பேருந்தில் ஏறியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஸ்கேன், கொலோனோஸ்கோப்பி எல்லாம் இயல்பாகவே வந்ததால், உறவினர்கள் இதை மனப்பிரமை என்றார்கள். குடல்நோய் மருத்துவர் ஐபிஎஸ் (IBS) எனப்படும் எரிச்சல் குடல் நோய் என்று உறுதிசெய்து, இரவில் போட 10 மி.கி. அமிட்ரிப்டிலின் எழுதினார். மருந்துக் கடைக்காரர் அதை மனச்சோர்வு மாத்திரை என்று சொன்னதால் கலக்கமுற்று, மருத்துவரிடமே திரும்பிச் சென்று விளக்கம் கேட்டேன்.

குடலிலிருந்து தண்டுவடம் வழியாக ஏறிவரும் வலிச் செய்திகளை மூளை அப்படியே ஏற்பதில்லை என்றும், நார்அட்ரினலின், செரட்டோனின் ஆகிய நரம்பு வேதிப்பொருள்களின் துணையோடு அவற்றில் பலவற்றைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்திவிடுகிறது என்றும், அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தவர்களுக்குச் சாதாரண வாயு கூடக் கடும் வலியாகத் தெரியலாம் என்றும் அவர் பொறுமையாக எடுத்துரைத்தார். அவ்விரு வேதிப்பொருள்களும் நரம்பு முனைகளில் கூடுதல் நேரம் தங்க இந்த மாத்திரை உதவுகிறதாம். மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். முதல் வாரங்களில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் உலர்ந்தது. வலி இன்றும் வருகிறது; ஆனால் பேருந்தில் நின்றபடியே பொறுத்துக்கொள்ள முடிகிறது.

மறுமொழி:

ஐயா, உங்கள் வலி பிரமை அன்று. 1973-இல் ரிச்சி என்ற ஆய்வாளர் பெருங்குடலுக்குள் சிறு பலூனை வைத்து 60 மி.லி. அளவுக்கு ஊதிப் பார்த்தபோது, ஐபிஎஸ் உள்ளவர்களில் 55 விழுக்காட்டினர் வலி என்றார்கள். மற்றவர்களில் 6 விழுக்காட்டினரே அப்படிச் சொன்னார்கள். உங்களுக்குத் தந்த மருந்தையும் இங்கிலாந்தில் 463 பேரிடம் ஆறு மாதம் சோதித்து, வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் தருவதாக 2023-இல் அறிவித்தார்கள்.

எனக்கும் ஐபிஎஸ் உண்டு; மலச்சிக்கல் வகை. அமிட்ரிப்டிலின் அதை மேலும் கூட்டியதால், மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிட்டு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கு (CBT) மாறினேன். வலி வருமோ என்று வயிற்றையே கவனித்துக்கொண்டிருக்கும் பழக்கமும் மூளையின் எச்சரிக்கை நிலையைக் கூட்டுகிறது என்பதை அங்கேதான் உணர்ந்தேன். பதற்றம் குறைந்தபோது வலியும் குறைந்தது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை இருந்தால், ஐபிஎஸ் என்று நீங்களாக முடிவுசெய்யாமல் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.