பேண்டம் கோழிக்கூண்டுக்கு நாலடி கால் வேணுமா வேணாமா

கீத்துக்கொட்டா:
நேத்து பக்கத்து இழையில ஒருத்தரு எழுதியிருக்காரு. பேரு சொல்ல மாட்டேன், ஆத்து பேர வச்சிக்கிட்டு சுத்துறவரு. //டெல்டாவுல நாலடி கால் வெக்காம கோழிக்கூண்டு கட்டுறவன் கோழிய பாம்புக்கு நேந்து விட்டவன்// அப்புடின்னு. படிச்சதுலேருந்து வயிறு எரியுது. மன்னார்குடி பக்கம் எங்க கொல்லையில ஆறு வருஷமா ஒன்றரை அடி கால்லதான் கூண்டு நிக்குது. ஆறுக்கு அஞ்சு அடி, பதினாலு பேண்டம் (அழகுக்கு வளக்குற குட்டி ஜாதிக் கோழி), ஒரு உருப்படிக்கு ரெண்டு சதுர அடிக்கு மேலயே வருது. சவுக்கு கம்பு, மேல தகரம், தகரத்துக்கு மேல கீத்து, உள்ள மூணு இஞ்சுக்கு உமி. பாம்புக்குப் போனது இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு, அதுவும் எங்க வீட்டுப் பய கதவ சாத்தாம கபடி பாக்கப் போன அன்னிக்கு. கால் உயரத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு விஞ்ஞானி வந்து சொல்லட்டும்.

வெண்ணாறு_மைனர்:
பேர் சொல்லாமயே கூப்புடத் தெரிஞ்ச தம்பிக்கு வணக்கம். ஆமா, எழுதுனது நாந்தான், இப்பவும் எழுதுறேன், நாலடி. உங்க கொல்லை மேட்டுல இருக்கு, தண்ணி ஓடிரும். எங்க கொல்லை வாய்க்காலுக்கு ஒட்டி, ஐப்பசி கார்த்திகையில முழங்காலுக்கு நிக்கும். 2022 நவம்பர்ல சீர்காழியில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அன்னிக்கு உங்க ஒன்றரை அடிக் கூண்டு அங்க இருந்திருந்தா கோழியெல்லாம் நீச்சல் கத்துக்கிட்டிருக்கும். தண்ணி ஏறும்போது பெருச்சாளி, சாரை, தேளு எல்லாம் மேடு தேடும். உங்க உமி மெத்தை அதுங்களுக்கு லாட்ஜ் மாதிரி. நாலடியில வச்சா குனியாம கூட்டலாம், எச்சம் கீழ விழுந்து காத்து ஓடும், அமோனியா நெடி மூக்குல ஏறாது, கூண்டுக்கு அடியில நிழல்ல கோழி மண்ணுல பொரளும். இருவது வருஷமா கோழி வளக்குறவன் சொல்றேன்.

துபாயில்_ஒரு_திருவாரூர்:
அண்ணே ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன சந்தேகம். நாலடின்னா தரையிலேருந்து கூண்டோட அடித்தளம் வரைக்குமா, இல்ல மண்ணுக்குள்ள போற ஒரு அடியும் சேத்தா? மச்சான் அடுத்த வாரம் வெல்டர கூப்புடுறான், அதான் கேக்குறேன்.

கீத்துக்கொட்டா:
//இருவது வருஷமா கோழி வளக்குறவன்// இருவது வருஷம் வளத்தவரு 2018 நவம்பர் 15 ராத்திரி, விடிஞ்சா 16, எங்க இருந்தீங்க? நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கஜா புயல் ஏறுனப்ப எங்க சித்தப்பா வீட்டுல நாலடிக் கூண்டு இருந்துச்சு, விடிஞ்சி பாத்தா அது பக்கத்து வீட்டுக் கெணத்து மேல மல்லாக்க கெடந்துச்சு. எங்க ஒன்றரை அடி எங்கேயும் போவல, கீத்துதான் பறந்துச்சு. உசரமா நிக்கிறதத்தான் காத்து மொதல்ல தள்ளும், பட்டுக்கோட்டை பேராவூரணி தென்னந்தோப்புக்காரங்கள கேட்டுப் பாருங்க.

வெண்ணாறு_மைனர்:
காத்துல தென்னையே சாஞ்சிச்சு, அதுக்காக இனிமே தென்னைய படுக்கப்போட்டு வளக்கலாமா? காலுக்கு அடியில ஒன்றரை அடி குழி எடுத்து ஜல்லி போட்டு ஊனியிருந்தா உங்க சித்தப்பா கூண்டு நின்னுருக்கும். ஊனாம வச்சிட்டு உசரத்து மேல பழிய போடாதீங்க. நாலடி.

கும்மோணம்_டிகிரி_காப்பி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். கூண்டுல என்ன பேண்டம்னு ரெண்டு பேருமே இன்னும் சொல்லலியே. செப்ரைட்டா இருந்தா நாலடி என்ன, முருங்க மரத்து உச்சிக்கே போவும். சில்க்கி பறக்காது, அதோட றெக்க தண்ணி ஒட்டுற ஜாதி, நனைஞ்சா ஊறிரும். ஜப்பானீஸ் பேண்டத்துக்குக் காலே கெடையாது, வயிறு தரையில ஒரசும். அதுக்கு நாலடி ஏணி வச்சா எப்புடி ஏறும்? கால்ல மயிர் உள்ள கொச்சினுக்கு கம்பித் தளமே ஆவாது. எந்த இனம்னு முடிவு பண்ணிட்டு உசரத்த பேசலாமே.

வெண்ணாறு_மைனர்:
அம்மணி, எல்லா இனமும் வச்சிருக்கேன். எல்லாத்துக்கும் நாலடிதான். சாய்வுப் பலகை வச்சா ஏறும்.

கீத்துக்கொட்டா:
நாலடிக்குப் பலகை வெக்கணும்னா, கோழி வழுக்காம ஏற எட்டடி நீளமாவது வேணும். எட்டடிப் பலகைய போட்டா கொல்லையில துணி காயப்போட எடம் எங்க? அதோட பலகைய ராத்திரி எடுக்க மறந்தா கீரிப்பிள்ளைக்கும் அதுதானே ராஜபாட்டை.

வலங்கைமான்_வாத்தி:
முதலில் பேண்டம் என்பதை ஒழுங்காக எழுதவும். ஜாவாவில் உள்ள பாந்தன் துறைமுகத்தின் பேரிலிருந்து வந்த சொல் அது. பாண்டம் என்று எழுதினாலும் தவறில்லை.

மரக்கா_நெல்லு:
வாத்தியாரே பாண்டம்னா எங்க ஊர்ல சட்டி பானை. சட்டி பானைக்கு எதுக்குங்க கூண்டு.

வலங்கைமான்_வாத்தி:
கிண்டல் செய்பவர்களிடம் பேச விரும்பவில்லை. நம்ம சிறுவிடைக் கோழி இருக்கும்போது வெளிநாட்டுப் பொம்மைக் கோழி எதற்கு என்பதே என் கேள்வி. எங்க அப்பாயி ஒரு பஞ்சாரத்தைக் கவுத்துப் போட்டு மேல ஒரு அம்மிக் குழவிய வைக்கும், அவ்வளவுதான் கூண்டு.

வெண்ணாறு_மைனர்:
உங்க அப்பாயி காலத்துல பஞ்சாரம் திண்ணையில இருந்துச்சு. திண்ணை உசரம் எவ்வளவு? கிட்டத்தட்ட மூணடி. அப்பாயிக்கே உசரம் தெரிஞ்சிருக்கு, இங்க சில பேருக்குத் தெரியல.

கீத்துக்கொட்டா:
திண்ணைக்குக் காலு இருந்துச்சாண்ணே? காத்துல பறந்துச்சா?

கொள்ளிடக்கரை_குமாரு:
நான் ஒண்ணு சொல்லவா, யாரும் கோவப்படாதீங்க. என் கூண்டுல போனதெல்லாம் வலையாலதான். அந்த அறுகோண கோழிவலை இருக்கே, அத மரநாய் வாயாலயே கிழிச்சிரும். சாரைக்குட்டி ஓட்டையில நொழையும், கோழிக்குஞ்ச முழுங்கிட்டா வயிறு பெருத்து வெளிய வர முடியாம உள்ளயே கெடக்கும், காலையில கதவ தொறந்தா நமக்குத்தான் நெஞ்சடைக்கும். வெல்ட் மெஷ், அரை இஞ்ச் ஓட்டை, அத கீழ ஒரு அடி வெளிப்பக்கமா மடிச்சி மண்ணுல பொதைக்கணும், நோண்டுறது எதுவும் உள்ள வராது. கதவுக்கு ரெண்டு கொக்கி. சாரை தென்னையிலயே ஏறும், நாலடிக் கால்ல ஏறாதா?

வெண்ணாறு_மைனர்:
வலைய பத்தி இங்க யாரும் கேக்கல தம்பி. இழையோட தலைப்பு காலு. காலுக்கு நடுவுல ஒரு தகரப் புனல் மாட்டுனா பாம்பு ஏறாது, வழுக்கிரும். அடியில சிரட்டைய வச்சி கழிவு ஆயில் ஊத்துனா எறும்பும் ஏறாது. இதெல்லாம் ஒன்றரை அடியில மாட்ட எடமே இருக்காது, நாலடியிலதான் முடியும். அதத்தான் நேத்துலேருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன். நொச்சித் தழைய அடைப்பெட்டியில போடு, மூங்கிலுக்குப் பதிலா பைப்பு போடு, மூங்கில் வெடிப்புல செள்ளு பூந்துக்கும், ராத்திரி வந்து கோழிக்கு ரத்தம் குடிக்கும், வருஷத்துக்கு ரெண்டு தடவ சுண்ணாம்பு அடி. எல்லாம் சொல்லிக் குடுத்தவன் நான், இன்னிக்கு எனக்கே பாடம் எடுக்குறானுங்க.

கீத்துக்கொட்டா:
சொல்லிக் குடுத்ததோட நிறுத்திக்கிட்டீங்களா? போன தை மாசம் எனக்கு வித்த சில்க்கி ஜோடி ஞாபகம் இருக்கா? ஆயிரத்து ஐநூறு ரூவா. ஜோடின்னீங்க. ரெண்டும் கூவுது. காலையில நாலு மணிக்கு ஒண்ணு, நாலரைக்கு ஒண்ணு. சேவல் பொட்ட தெரியாதவரு கால் உயரம் அளக்குறாரு.

வெண்ணாறு_மைனர்:
ஓ, இப்பதான் பூனக்குட்டி வெளிய வருது. எரிச்சல் கூண்டு மேல இல்ல, ஆயிரத்து ஐநூறு மேல. சில்க்கி குஞ்சுல சேவல் பொட்ட பிரிக்கிறது கஷ்டம்னு உலகத்துக்கே தெரியும், ஆறேழு மாசம் ஆவும், கூவுனாத்தான் நிச்சயம். குடுக்கும்போதே சொன்னேன் "அநேகமா ஜோடி"ன்னு. அநேகமான்னா என்ன அர்த்தம்னு வாத்தியார் சொல்லட்டும்.

வலங்கைமான்_வாத்தி:
நான் இந்த இழையிலிருந்து விலகிவிட்டேன்.

மரக்கா_நெல்லு:
வெலகிட்டேன்னு சொல்றதுக்கு ஒரு பதிவு :)

கும்மோணம்_டிகிரி_காப்பி:
குஞ்சு விக்கிற பேச்சு வந்ததால கேக்குறேன், ஜப்பானீஸ் ரெண்டும் குட்டக்கால் ஜோடி போட்டா நாலுல ஒரு கரு முட்டைக்குள்ளயே செத்துரும், அது அந்த குட்டக்கால் மரபணுவோட வேல. இத யாராவது வாங்குறவங்ககிட்ட சொல்றீங்களா? எனக்கு பன்னெண்டு முட்டையில ஒம்போதுதான் பொரிச்சிச்சு, நான் ஏதோ அடைக்கோழி சரியில்லன்னு அத கறியாக்கிட்டேன். பாவம் அந்தக் கோழி.

வெண்ணாறு_மைனர்:
பன்னெண்டுல ஒம்போது நல்ல கணக்கும்மா. நாலடியில வச்சிருந்தா பத்து.

கீத்துக்கொட்டா:
மரபணுவுக்கும் நாலடியா! யப்பா சாமி.

கொள்ளிடக்கரை_குமாரு:
அரை இஞ்ச் வெல்ட் மெஷ். கடைசி தடவ சொல்றேன்.

துபாயில்_ஒரு_திருவாரூர்:
அண்ணே, மச்சான் போட்டோ அனுப்பிட்டான். வெல்டர் ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டாராம். இருவதடி பைப்பு ஒண்ண எடுத்து எட்டுத் துண்டா வெட்டிட்டாரு, கூண்டுக்கு நாலு காலு, குஞ்சு வெக்கிற சின்னக் கூண்டுக்கு நாலு காலு, துண்டு வீணாவலன்னு சந்தோஷமா இருக்காரு. தலைக்கு ரெண்டரை அடி. இதுல எவ்வளவு மண்ணுக்குள்ள போவணும்?

வெண்ணாறு_மைனர்:
கெடுத்துட்டீங்களே தம்பி. ரெண்டரையில அரையடி ஊனுனா ரெண்டு. தண்ணிக்கும் ஆவாது, கூட்டவும் முடியாது. அந்த எட்டையும் ரெண்டு ரெண்டா ஜாயிண்ட் அடிக்கச் சொல்லுங்க, நாலு காலு கெடைக்கும், அஞ்சடி, ஒரு அடி ஊனுனா சரியா நாலடி.

கீத்துக்கொட்டா:
ஜாயிண்ட் அடிச்ச கால்ல கூண்டா? அடுத்த புயலுக்கு துபாய்க்கே வந்து சேந்துரும், கஸ்டம்ஸ்ல போயி எடுத்துக்குங்க. தம்பி, ஒரு அடி ஊனுங்க, ஒன்றரை வெளிய நிக்கட்டும். வெல்டர் படிக்காத மேதை.

துபாயில்_ஒரு_திருவாரூர்:
அப்ப குஞ்சுக் கூண்டுக்குக் காலு?

வெண்ணாறு_மைனர்:
அது அப்பறம். மொதல்ல தம்பி கீத்துக்கொட்டா, நீங்க அந்த ரெண்டு சேவல்ல ஒண்ண திருப்பிக் குடுங்க, பொட்ட தர்றேன். ஆனா கூண்ட நேர்ல வந்து பாப்பேன், டேப்போட.

கீத்துக்கொட்டா:
டேப்பு எங்கிட்டயே இருக்கு. நீங்க பொட்டயோட வாங்க. இந்த தடவ முட்டை போட்டதுக்கு அப்பறம்தான் காசு.

வெண்ணாறு_மைனர்:
காசு ஏற்கனவே வாங்கியாச்சு, மறந்துட்டீங்களா? இத பாருங்க, இப்புடித்தான் இவரு எல்லாத்தையும் மாத்திப் பேசுவாரு, 2021ல இன்குபேட்டர் இழையிலயும் இதே கததான், அந்த லிங்க தேடி எடுத்துட்டு வர்றேன் இருங்க