மறு: லிங்குவிஸ்ட்: ஒரே சொல் போதுமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டுப் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'லிங்குவிஸ்ட்' (linguist) என்ற ஆங்கிலச் சொல் அதில் மூன்று பேரைக் குறிக்கிறது: மொழியை ஆராய்பவர், படையில் பிறமொழிப் பேச்சைக் கேட்டுச் சொல்பவர், கானாவின் அகான் மக்களிடையே தலைவருக்காகப் பேசும் ஒச்சியாமி. மூவருக்கும் 'மொழியியலாளர்' ஒத்துவராது. ஆலோசனை வேண்டும்.

———

> மூவருக்கும் 'மொழியியலாளர்' ஒத்துவராது

ஒருவருக்குமே வேண்டாம் அம்மா. 'மொழிஞர்' என்று போடுங்கள். கவிஞர், கலைஞர், அறிஞர் வரிசையில் சுருக்கமாக நிற்கும். தேவநேயப் பாவாணர் இத்துறையை 'மொழிநூல்' என்றே ஆண்டார். 'மொழிநூலார்' என்றாலும் எனக்கு உடன்பாடே. தொல்காப்பியப் பாயிரம் 'எழுத்தும் சொல்லும் பொருளும் நாடி' என்கிறது. நாடுவதுதானே இவர்கள் தொழில்? 'மொழிநாடுநர்' என்றும் ஆக்கலாம். தந்நகரம் ('ந') இட்டே எழுதுக; வல்லுநர், ஓட்டுநர் என்பவற்றை றன்னகரமிட்டுக் ('ன') கெடுக்கிறார்கள்.

———

ஐயா, ந/ன வழக்கைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். இங்கே வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

மொழியியல் நான் நடத்தும் பாடம். இத்துறையில் சேரும் பிள்ளைகளை உறவினர்கள் முதலில் கேட்பது "எத்தனை மொழி தெரியும்?" அடுத்தது "எது சரியான தமிழ்?" இரண்டுமே எங்கள் வேலையைத் தொடுவதில்லை. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரம் வல்லோசை. மகர ஒற்றை அடுத்து வரும் பகரம் அதிர்ந்து ஒலிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் தவறுவதில்லை; ஆனால் கேட்டால் இரண்டும் ஒன்றே என்பார். பேசுகிறவருக்கே புலப்படாத அந்த விதியைக் கண்டு எழுதுபவர்தான் மொழியியலாளர். மொழியியலாளர் எமனோ 1930-களில் நீலகிரியில் தோடரிடமும் கோத்தரிடமும் அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவரும் பரோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வந்தது. அதன் அடியில் கிடப்பது அத்தகைய உழைப்பு.

தமிழறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரைப் பன்மொழிப்புலவர் என்றோம், அப்பாத்துரையாரையும் அப்படியே. தகுந்த பட்டம்தான், ஆனால் அதைத் துறைக்குப் பெயராக்கினால் மறுபடியும் "எத்தனை மொழி?" என்ற கேள்வியில் வந்து நிற்போம். 'மொழியியலறிஞர்' என்பதையும் ஏற்கமாட்டேன். ஆய்வைத் தொடங்கும் மாணவி இன்னும் அறிஞர் இல்லை.

'மொழிஞர்' அழகான சொல், மறுக்கவில்லை. மொழிதல் என்றால் சொல்லுதல், மொழிஞர் சொல்பவர். எனவே அது ஒச்சியாமிக்கே உரியது. தலைவரிடம் நேரே பேசக்கூடாத அவையில் இருபக்கச் சொல்லும் அவர் வழியே போகும். பொன் வேய்ந்த சிற்பம் உச்சியில் அமைந்த கோல் அவர் கையில் இருக்கும். படையில் இருப்பவருக்கு, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்பவர் என்ற பொருளில் 'துபாசி' நம்மிடமே இருக்கிறது; புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை வகித்த பதவி.

———

துபாசி வடசொல், அம்மா. அதிலும் இருமொழியாளர் என்று மட்டுமே பொருள். 'உரைபெயர்ப்பாளர்' நல்ல தமிழ். இன்னொன்று: 'ஓரெழுத்தொருமொழி' என்னும்போது தொல்காப்பியருக்கு மொழி என்றால் சொல். அப்படிப் பார்த்தால் 'மொழியியல்' சொல்லை மட்டும் ஆராயும் துறை ஆகிவிடாதா?

———

ஆகாது ஐயா. 'தமிழ்மொழி' என்று நீங்களே எழுதுகிறீர்கள். 'மொழிநூல்' என்றால் என் மாணவர்கள் புத்தகத்தைத் தேடுகிறார்கள். பாவாணர் மீதுள்ள மதிப்பு வேறு, வகுப்பில் புரிவது வேறு.

———

அனைவருக்கும் நன்றி. ஆராய்பவருக்கு மொழியியலாளர், படையில் உரைபெயர்ப்பாளர், கானாவில் அவைமொழிஞர் என்று அனுப்புகிறேன். பெரும்பாலானோர் இதற்கு இசைந்திருக்கிறார்கள்.

———

நான் இசையவில்லை. அச்சுக்கு அனுப்புங்கள் அம்மா, தடுக்கமாட்டேன். என் கட்டுரைகளில் 'மொழிநூலார்' என்றே எழுதுவேன். 'நாடுநர்' பற்றிய குறிப்பை நாளை விரிவாக இடுகிறேன்.